மாகாளிக் கொடி

எங்கள் வீட்டில் மாகாளிக் கிழங்கு வந்திறங்கினால் தெருவுக்கே தெரிந்துவிடும். அந்த வாசனை அப்படி. சிலருக்கு அது மூட்டைப்பூச்சி நாற்றம். சாப்பாட்டு இலையிலிருந்து அதை ஒதுக்கிவைத்த மாப்பிள்ளைகளை எனக்குத் தெரியும். எங்களுக்கோ தயிர்சாதத்துக்கு அதை மிஞ்சிய துணை கிடையாது. வேலூர் மார்க்கெட்டிலிருந்து அப்பா வாங்கிவரும் பையில், செம்மண்ணும் சரளைக்கல்லும் ஒட்டிய வேர்கள் முழ நீளத்துக்கு இருக்கும். அம்மா ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போடுவாள். காலையில் தேங்காய் நாரால் தேய்த்து மண்ணைப் போக்கி, தோலைச் சீவி, நீளவாக்கில் பிளந்து, நடுவில் இருக்கும் கெட்டி நரம்பை உருவி எறிவாள். நறுக்கிய துண்டு காற்றுப் பட்டால் கறுத்துவிடும். அதனால் மோர்ச்சட்டியைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு நறுக்க நறுக்க அதில் போடுவாள். உப்பு, மஞ்சள், மிளகாய்த்தூள், கடுகுப்பொடி, புளித்த தயிர். ஜாடியை வெள்ளைத் துணியால் கட்டி மூலையில் வைத்துவிட்டால் அடுத்த வருஷம் கிழங்கு வரும்வரை தாங்கும்.

இந்தக் கிழங்குக்கு இலை எப்படி இருக்கும் என்று அம்மாவுக்குத் தெரியாது. பாட்டிக்கும் தெரியாது. கத்தரிக்காய்ச் செடியையும் சேனையின் இலையையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவர்கள் அவர்கள். மாகாளி மட்டும் மார்க்கெட்டில் பிறந்து வீட்டுக்கு வருகிற பொருளாக இருந்தது.

தாவரவியல் படிக்கப் போன பிறகுதான் அதன் இலையைப் பார்த்தேன். அதுவும் உலர்தாவரத் தாளில், நூலால் தைத்து, பழுப்பேறிப்போன நிலையில். டெக்காலெபிஸ் ஹாமில்டோனி. சென்னை ராஜதானியில் வேலை பார்த்த ராபர்ட் வைட்டும் அவருடைய நண்பர் ஆர்னாட்டும் 1834-இல் வைத்த பெயர். தென்னிந்தியாவின் உலர்ந்த மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இது இயற்கையாக வளர்வதில்லை என்று எங்கள் பேராசிரியர் சொன்னபோது, வீட்டு மூலையில் இருக்கும் ஜாடிதான் என் நினைவுக்கு வந்தது. இத்தனை ஜாடிகளுக்கும் வேர் கொடுப்பது இந்தச் சில மலைகள்தானா என்று கேட்டேன். ஆமாம், வேறெது கொடுக்கும் என்றார் அவர்.

உயிரோடு அதைப் பார்த்தது ஜவ்வாது மலையில். கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்து, மாணவிகளை ஜமுனாமரத்தூர் பக்கம் களப்பயணம் கூட்டிப்போன காலம். வண்டி போகிற சாலையைவிட்டு உள்ளே நடந்தால் சாமை வயல்கள் முடிந்து பாறைக் காடு தொடங்கும். வெயிலில் கொதிக்கிற பாறை. அதன் வெடிப்பிலிருந்து கிளம்பி, பக்கத்துப் புதரின்மேல் ஏறியிருந்தது கொடி. எதிரெதிராக அமைந்த தடித்த இலைகள், மேற்பக்கம் பளபளப்பு. ஒன்றைக் கிள்ளியதும் பால் வடிந்தது. இலைக்கணுவில் கொத்தாகச் சிறிய பூக்கள், வெள்ளையும் மஞ்சளும் கலந்த நிறம். வேறொரு கொடியில் இரட்டைக் காய்கள் முற்றி வெடித்து, பட்டு இழைக் குஞ்சம் வைத்த விதைகள் காற்றில் கிளம்பத் தயாராக இருந்தன. வேரைப் பார்க்க வேண்டும் என்று ஒரு மாணவி கேட்டாள். பார்ப்பதற்கு வழியே இல்லை. அது பாறைகளுக்கு நடுவே எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று கண்டுபிடிக்கக் கடப்பாரை வேண்டும்.

கடப்பாரை போன இடத்தையும் அன்றே பார்த்தோம். கொஞ்ச தூரம் தள்ளி, பாறையை நெம்பிப் புரட்டிய குழிகள். கொடியை அறுத்து வீசியிருந்தார்கள். இலை இன்னும் முழுசாக வாடவில்லை. ஒரு கொடியில் பிஞ்சுக் காய் இருந்தது. வெடிக்க இன்னும் நாள் இருந்த காய். குழிக்குள் கைவிட்டுப் பார்த்தேன். ஒரு துண்டு வேர்கூட விட்டுவைக்கவில்லை. கையில் எங்கள் வீட்டு வாசனை ஒட்டிக்கொண்டு வந்தது.

மாகாளியின் சங்கடம் முழுவதும் இதில் இருக்கிறது. நெல்லிக்காயைப் பறித்தால் மரம் நிற்கிறது. தேனை எடுத்தால் அடுத்த பூக்காலத்தில் தேனீ திரும்புகிறது. இங்கே நமக்கு வேண்டியதே வேர். அதை எடுத்தால் கொடி செத்தது. விதை விழும் முன்னே எடுத்தால் அதன் பிள்ளைகளும் இல்லை. வேர் பெருக்கச் சில வருஷங்கள் ஆகும். ஒரு பருவத்தில் சாக்குச் சாக்காக இறங்கும் வேர், ஒரு பருவத்தில் விளைந்தது அல்ல.

மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்த ஒரு பெரியம்மாவோடு பழக்கமானது இதற்கப்புறம்தான். களப்பயணம் போகும்போதெல்லாம் அவர் வீட்டுத் திண்ணையில்தான் எங்கள் மதியச் சாப்பாடு. கிழங்கு தோண்டுவதைப் பற்றி முதலில் வாய் திறக்கவே இல்லை. வனத்துறைக்குத் தெரிந்துவிடும் என்ற பயம். என் டப்பாவிலிருந்த மாகாளி ஊறுகாயை அவர் இலையில் வைத்த அன்று சிரித்துவிட்டார். “இதுக்குத்தானா எங்களை அந்தப் பாடு படுத்தறீங்க” என்றார். அவர்கள் வீட்டில் இதை ஊறுகாய் போடும் வழக்கமே இல்லையாம். வயிற்றுக்கு ஆகவில்லை என்றால், பசி எடுக்கவில்லை என்றால், ஒரு துண்டைக் கடித்துத் தின்பார்களாம். அவ்வளவுதான்.

“எங்க மாமியா காலத்துல ஒரு பக்கமாத்தான் டீச்சரம்மா பறிப்பாங்க. ரெண்டு வேரை எடுத்துக்கிட்டு மண்ணைத் தள்ளி மூடிடுவாங்க. கொடியை வெட்ட மாட்டாங்க. காய் வெடிச்சப்புறம்தான் கையே வைப்பாங்க.”

இப்போது ஏன் அப்படிச் செய்வதில்லை என்று கேட்டேன்.

“நான் ரெண்டு வேரை விட்டுட்டு வந்தா, நாளைக்கு வேற ஊரு ஆளு வந்து அதையும் எடுத்துக்கிட்டுப் போறான். சேட்டுகிட்ட முன்பணம் வாங்கியிருக்கோம். எடை காட்டணுமே.”

அந்த ஊரில் வியாபாரி யாராக இருந்தாலும் அவர் சேட்டுதான். அவர் கொடுத்த விலையையும், வேலூரில் நாங்கள் கொடுத்துக்கொண்டிருந்த விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்குப் பேச்சு எழவில்லை. ஒருநாள் முழுக்கப் பாறையோடு மல்லுக்கட்டி, ரேஞ்சர் கண்ணில் படாமல் சுமந்துவந்தவர் கைக்கு வருவது மிகச் சொற்பம். பணம் எல்லாம் மலைக்குக் கீழே இருந்தது.

காப்பியங்களிலும் பாடல்களிலும் இடம்பெற்ற குறிஞ்சிக்கும் காந்தளுக்கும் பரிந்து பேச ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். பேசட்டும், பேச வேண்டியதுதான். மாகாளிக்கு அப்படி யாரும் கிடையாது. கண்ணைப் பறிக்கும் பூவும் இல்லை. நாவுக்கு மட்டுமே தெரிந்த செடி அது. நாவுக்குத் தெரிந்தால் காப்பாற்றுவோம் என்று நான் நம்பியிருந்தேன். நாவுக்குத் தெரிந்ததுதான் அதற்கு வினையாக வந்தது.

ஊறுகாய் மட்டும் காரணமாக இருந்திருந்தால் மலை தாங்கியிருக்கும். நன்னாரிக்கு மாற்றாக இதைச் சேர்க்கத் தொடங்கியது பெரிய அடி. நன்னாரி வேறு செடி. கம்பி போன்ற மெல்லிய வேர், குறுகலான இலை, இலை நடுவில் பெரும்பாலும் வெள்ளைக் கோடு. கிலோ கணக்கில் சேர்க்கக் கால் கடுக்க அலைய வேண்டும். மாகாளியோ ஒரு குழியில் சாக்கின் அடியை நிரப்பிவிடும். வாசனையும் ஏறக்குறைய ஒன்று. ராயலசீமையின் புகழ்பெற்ற நன்னாரி சர்பத்தில் இறங்குவது பெரும்பாலும் மாகாளி வேர்தான். மருந்துக் கம்பெனிகளுக்குப் போகும் மூட்டைகளிலும் இது நன்னாரி என்ற பெயரில் கலந்துவிடுகிறது. கோடையில் வண்டிக்கடையில் ஒரு கிளாஸ் குடிப்பவருக்குத் தான் எந்த மலையின் வேரைக் குடிக்கிறோம் என்று தெரிய வழியில்லை.

அந்த வாசனைக்குக் காரணமான வேதிப்பொருள் வனிலா வாசனை தரும் வனிலினுக்கு நெருங்கிய சொந்தம். அணுக்கள் அதே எண்ணிக்கை, அடுக்கிய இடம் மட்டும் வேறு. மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தில் இந்த வேரைப் பற்றி நிறைய வேலை நடந்திருக்கிறது. சேமித்த தானியத்தில் விழும் பூச்சிகளை இதன் சாறு கொல்லும் என்று காட்டியவர்களும் அவர்களே. வாங்கிவந்த கிழங்கு வாரக்கணக்கில் மூலையில் கிடந்தாலும் புழுவே வைக்காதது ஏன் என்று அம்மா கேட்ட கேள்விக்குப் பதில் அப்போதுதான் எனக்குக் கிடைத்தது. ஓடவோ ஒளியவோ முடியாத ஒரு கொடி, பாறை வெடிப்பில் தன் வேரைப் பூச்சிகளிடமிருந்து காப்பாற்றிக்கொள்ளச் செய்த ஏற்பாடு அது. பூச்சியிடம் பலித்தது.

சட்டம் என்ன செய்கிறது என்று மாணவிகள் கேட்பார்கள். காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் எதையும் தோண்டுவது 1882-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வனச் சட்டப்படியே குற்றம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முதலில் விலங்குகளையும் பறவைகளையுமே பெயர் சொல்லிக் காத்தது. 1991-இல் திருத்தம் கொண்டுவந்து ஆறு தாவரங்களுக்கு ஒரு பட்டியல் போட்டார்கள். நீல வாண்டா, சிவப்பு வாண்டா, சீமாட்டிச் செருப்பு ஆர்க்கிட்டுகள், மேகாலயாவின் குடுவைச் செடி, இமயத்துக் கோஷ்டம், திருப்பதி மலைகளின் சைகஸ் பெட்டோமி. இவ்வளவு பெரிய நாட்டுக்கு அப்போது ஆறுதான். அந்தக் கடைசிச் செடி சேஷாசலம் சுற்றுவட்டாரத்தைத் தவிர எங்கும் கிடையாது. அதன் ஆண் கூம்பைத்தான் மருந்துக்காக வெட்டிக்கொண்டு போனார்கள். அதே மலையில் வளரும் மாகாளி அந்த ஆறில் இல்லை. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் அழியும் ஆபத்திலுள்ள இனமாக அது பின்னாளில் ஏறியது.

பிடிபடுகிறவர் யார் என்பதைத்தான் நான் பல வருஷம் பார்த்துக்கொண்டிருந்தேன். கடப்பாரையோடு காட்டில் நிற்பவர் பிடிபடுவார். மூட்டையை லாரியில் ஏற்றுபவர் எப்போதாவது. அதை வாங்கிச் சர்பத் காய்ச்சுபவரோ ஊறுகாய் போடுபவரோ ஒருபோதும் இல்லை. 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி ஆந்திரக் காவல்துறையின் சிறப்புப் படை 20 பேரைச் சுட்டுக் கொன்றது. பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களின் கூலித் தொழிலாளிகள். அந்த வாரம் ஜவ்வாது மலைக்குப் போனபோது, பெரியம்மாவின் ஊரில் யாரும் என்னோடு செடிகளைப் பற்றிப் பேசத் தயாராக இல்லை. எனக்கும் பேச மனம் வரவில்லை. செம்மரமும் கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதிக்கே உரிய மரம். அரிய மரந்தான், காப்பாற்ற வேண்டியதுதான். ஆனால் கடல் தாண்டிக் கட்டையை வாங்குகிறவர் பெயர் நான் பார்த்த எந்த நாளிதழிலும் வரவில்லை. மலையிலிருந்து ஆள் கூட்டிப்போன மேஸ்திரிக்கு மேலே யார் என்பது அந்த ஊர்க்காரர்களுக்கே தெரியாது.

தடை போட்டுவிட்டால் செடி பிழைக்கும் என்பதிலும் எனக்கு நம்பிக்கை குறைந்துபோனது. சத்தியமங்கலத்தை ஒட்டிய கர்நாடகத்தின் பிலிகிரி ரங்கன் மலையில் சோலிகர் பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாக மாகாளி எடுத்துவந்தார்கள். வனவிலங்குச் சட்டத்தில் 2002-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, சரணாலயத்தில் விற்பனைக்காக எதையும் சேகரிக்கக் கூடாது என்றானது. தரையில் சருகுத் தீ வைப்பது அதற்கு வெகுகாலம் முன்பே தடுக்கப்பட்டிருந்தது. தீ நின்றதால்தான் உண்ணிச்செடி காட்டை மூடியது என்பது சோலிகர்களின் வாதம். அந்தப் புதருக்கடியில் வெயில் இறங்காது, மாகாளியின் நாற்று தலை தூக்காது. 2011-இல் வனஉரிமைச் சட்டப்படி 25 கிராம சபைகளுக்குச் சமூக உரிமை கிடைத்தது. புலிகள் காப்பகம் ஒன்றுக்குள் அப்படி உரிமை கிடைத்தது நாட்டிலேயே அதுதான் முதல்முறை. யாருடைய காடு என்ற கேள்விக்குப் பதில் இருந்தால்தான் இரண்டு வேரை விட்டுவைக்க ஒருவருக்குத் தைரியம் வரும். பெரியம்மா சொன்னதும் இதையேதான்.

தோண்டாமலே அழிவதும் உண்டு. கிருஷ்ணகிரிப் பக்கம் நாங்கள் வழக்கமாகப் போகும் ஒரு கரடு இருந்தது. மாகாளி, நன்னாரி, கல்லிடுக்கில் முளைக்கும் சின்னச் சின்னக் கிழங்குச் செடிகள் எல்லாம் ஒரே சரிவில் இருந்ததால், மாணவிகளுக்குக் காட்ட வசதியான இடம். கிரானைட் குவாரி வந்தது. முதல் வருஷம் அடிவாரத்தில் ஒரு கீறல், அப்புறம் ஒரு பக்கம் செங்குத்தாக நின்றது, பிறகு கரடே இல்லை. அங்கே யாரும் ஒரு செடியைக்கூடத் திருடவில்லை. எல்லாம் அனுமதியோடு நடந்தது. மாகாளி வளரும் இடம் விவசாயத்துக்கு ஆகாத பாறை. வருவாய்க் கணக்கில் அதற்கு மதிப்பு கல்லாக மட்டுமே.

மாகாளிக்கு ஒரு தங்கை உண்டு. அகத்தியமலைப் பாறைச் சரிவுகளில் மட்டும் வளர்வது. அங்குள்ள காணிப் பழங்குடியினர் அமிர்தபாலா என்பார்கள். வயிற்றுப் புண்ணுக்கு அவர்கள் கொடுக்கும் வேர். தாவரவியலாளர்கள் கண்ணுக்கு அது பட்டது 1970-களில்தான். புதுப் பேரினமாகவே கருதி, தாவரவியலாளர் இ.கே. ஜானகி அம்மாளைச் சிறப்பிக்கும் விதமாக ஜானகியா என்று பெயர் சூட்டினார்கள். கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் இருந்து, லண்டன் வரை போய்த் திரும்பி, கடைசிக் காலத்தில் சென்னை மதுரவாயலில் செடிகளுக்கு நடுவே வேலை செய்து 1984-இல் மறைந்தவர். அமைதிப் பள்ளத்தாக்கைக் காக்கக் குரல் கொடுத்தவர். பின்னால் வகைப்பாட்டியலார் அந்தச் செடியை மாகாளியின் பேரினத்திலேயே சேர்த்துவிட்டார்கள். வகைப்பாடு சரியாகவே இருக்கலாம். பெயர் போனதில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு. அதைவிடப் பெரிய வருத்தம், கிழங்கின் குணம் வெளியே பரவியதும் அந்த ஒற்றை மலைக்கும் ஆட்கள் ஏறத் தொடங்கியது. மாகாளிக்காவது பல மலைகள் இருக்கின்றன.

பயிரிட்டால் என்ன என்று யாரும் கேட்பார்கள். விதை முளைக்கிறது. திசு வளர்ப்பில் நாற்றுப் பெருக்கும் முறையையும் மைசூர்க்காரர்கள் உருவாக்கியிருக்கிறார்கள். செடிக்கு உரமோ பெரிய பாசனமோ வேண்டாம். வேண்டியது பொறுமை. ஜவ்வாது அடிவாரத்தில் என் பழைய மாணவி ஒருத்தியின் அப்பா வேலியோரமாக நட்டார். விதை பெரியம்மா ஊரிலிருந்து வந்தது. வெடிக்கத் தொடங்கிய காய்களுக்குத் துணிப்பை கட்டிச் சேகரித்துக் கொடுத்தார்கள். அதற்குக் கூலியும் கொடுத்தோம், கிழங்குக்குச் சேட்டு கொடுத்ததைவிட நல்ல கூலி. கொடி வேலிமேல் நன்றாகவே ஏறியது. சில வருஷம் கழித்துத் தோண்டியபோது வேர் நேராக, சீவ வசதியாக இருந்தது. வாசனை காட்டுக் கிழங்கைவிடக் குறைவு என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை.

அவர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனார். காட்டில் தோண்டிய கிழங்குக்கு என்ன விலையோ அதே விலையை மண்டியில் சொன்னார்கள். சில வருஷம் நிலத்தை அடைத்து வளர்த்தவரால், நிலமே இல்லாமல் ஒரே நாளில் தோண்டி வந்த மூட்டையோடு விலையில் போட்டிபோட முடியாது. ஆயிரம் நாற்றுப்பண்ணை வைத்தாலும், இது எங்கே வளர்ந்தது என்று வாங்குகிறவர் கேட்காதவரை பயிரிடுவது கட்டுப்படியாகாது. ஊறுகாய்ப் பாட்டில்மேல் உப்பின் அளவு போட்டிருக்கிறது, கெட்டுப்போகும் தேதி போட்டிருக்கிறது. கிழங்கு காட்டுடையதா கழனியுடையதா என்று ஒரு வரி போட வைப்பது அரசாங்கத்துக்குப் பெரிய காரியமில்லை. அதற்கு முன்னாலேயே நாம் வாய்விட்டுக் கேட்கலாம். மாகாளி வாங்கும் எந்தக் கடையிலும் நான் கேட்கிறேன்.

வேலூரில் வீட்டிலேயே ஊறுகாய் போட்டு விற்கும் ஓர் அம்மாள் என்னைக் கேட்கவிட்டுச் சிரித்தார். பிறகு அவரே என் மாணவியின் அப்பாவுக்குப் போன் போட்டு, மண்டி விலைக்கு மேலே வைத்து நேராக வாங்கிக்கொள்ள ஒப்புக்கொண்டார். போன பருவத்தில் அந்த வேலியோரக் கிழங்கு அவர் போடும் ஊறுகாயில் பாதிக்குப் போதுமானதாக இருந்தது. மீதிப் பாதிக்கு அவர் மார்க்கெட்டுக்குத்தான் போனார்.